மறு கன்னமும் மாவு மிஷினும்

இன்று காலை உன் ஊர் மாவு மிஷினைத் தாண்டி நடந்தேன். பெல்ட் ஓடிக்கொண்டிருந்தது. புதுச் சாமையின் உமி வாசலெங்கும் பறந்தது. சூடான தவிட்டு வாசனை பாதை வரைக்கும் வந்தது. ஏழெட்டுப் பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றிருந்தார்கள். அதில் ஒருத்தி, "இன்னா பாஸ்டர், நின்னுட்டீங்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பதினொரு மாதம் நீ நிற்கக் கூடாது என்று ஊர் சொன்ன வரிசை அது. அந்த வாசனையை முகர்ந்துவிட்டு உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை 'நீ' என்றுதான் அழைத்தேன். நீ என்னைவிடப் பதினாறு வயது சின்னவள். இப்போது மரியாதை கூட்டி எழுதினால் நீ சிரிப்பாய். அதனால் அப்படியே எழுதுகிறேன்.

எல்லாம் குழாயில்தான் தொடங்கியது. மலையில் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். குழாய் வந்து ஊர்த் தலைவர் சின்னாண்டி வீட்டு மூலையோடு நின்றது. அதற்குக் கீழே உங்கள் தெரு. எட்டு வீடுகள் நம் சபை, ஆறு வீடுகள் சபை அல்லாதவர்கள். பதினான்கு வீட்டுப் பெண்களும் ஓடைக்கு இறங்கிக் குடம் சுமந்தார்கள். மூன்று கிராம சபைக் கூட்டத்தில் நீ எழுந்து நின்று அதே கேள்வியைக் கேட்டாய். மூன்று முறையும் "பாக்கலாம் உக்காரு" என்றார்கள்.

பிறகு பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. உன் ஊரில் ஒரு வழக்கம். வார்டுக்கு யார் நிற்பது என்று தலைவர் சொல்வார். கோயில் முன்னால் கற்பூரம் ஏற்றி, வீட்டுக்கு ஒருவர் வந்து அவருக்கே ஓட்டு என்று வாக்குக் கொடுப்பார்கள். உன் கணவன் மோசே அப்போது குடகில் காபித் தோட்டத்தில் இருந்தான். உன் வீட்டு முறை வந்தபோது நீ போனாய். போய் நின்று, "என் ஓட்ட நான் பொட்டிக்குள்ள போட்டுக்கிறேன். இங்க சொல்றதுக்கில்ல" என்றாயாம். அடுத்த வாரம் நீயே வேட்புமனு கொடுத்துவிட்டாய். எனக்கு அது தெரிந்ததே மற்றவர்கள் வந்து சொன்ன பிறகுதான்.

நான் ஓடி வந்தேன். நீ வெயிலில் கொள்ளு உலர்த்திக்கொண்டிருந்தாய்.

"உனக்கு எதுக்கும்மா அரசியல்?" என்றேன்.

"குழாய் அரசியலா பாஸ்டர்? அப்ப ஓடையில வழுக்கி வுழுறது மட்டும் இன்னாவாம்?"

நீ தோற்றாய். உன் தெருவே உனக்கு முழுதாகப் போடவில்லை. நம் சபை வீடுகளிலும் சிலர் பயந்துவிட்டார்கள். அதில் யார் யார் என்று நீ கடைசிவரை கேட்கவில்லை.

தோற்றதோடு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன். தை பிறந்ததும் ஊர் கூடி உன்னை விலக்கி வைத்தது. மிஷினில் உனக்கு அரைக்கக் கூடாது. ஷேர் ஜீப்பில் ஏற்றக் கூடாது. உன் நிலத்துக்கு ஆள் போகக் கூடாது. உன்னோடு யாரும் பேசக் கூடாது. ஒருநாள் நான் ஜெபக்கூட்டத்துக்கு வந்தபோது நீ சாமையை உரலில் இட்டுக் குத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். உள்ளங்கை தோல் உரிந்து சிவந்திருந்தது. அந்தக் கையால் எனக்குக் காபித் தண்ணீர் கொடுத்தாய்.

சின்னாண்டியைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனமில்லை. சாலை இல்லாத காலத்தில் காய்ச்சல்காரர்களைத் தோளில் சுமந்து ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். என்னிடம் ஒருமுறை சொன்னார்: "ஊரு ஒண்ணா நின்னாதான் ஆபீசுல நம்மள மதிக்கிறான் பாஸ்டரே. இன்னிக்கு ஒருத்திய வுட்டா நாளைக்கு ஊருன்னு ஒண்ணு இருக்காது." உண்மையாகவே அப்படி நம்பினார். அந்த நம்பிக்கையின் எடை முழுவதும் உன் உள்ளங்கையில் இறங்கியது.

நீ தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்தாய். ஜீப்பில் ஏற்றமாட்டார்கள் என்பதால் ஒன்பது மைல் நடந்து போய்க் கொடுத்தாய். அன்று சாயங்காலமே போளூரிலிருந்து நம் சபைக் கமிட்டிச் செயலாளர் எனக்குப் போன் செய்தார். "மலையில நமக்குப் பத்து சபை இருக்குதுங்க. ஊர்த் தலைவருங்க நெனச்சா ஒரே நாள்ல எல்லாத்தையும் மூடிடுவாங்க. அந்தம்மாவ வாபஸ் வாங்கச் சொல்லுங்க." அவர் பயமும் பொய்யான பயம் இல்லை. நான் அந்தப் பயத்தை வாங்கிக்கொண்டு, அதற்கு அன்பு என்று பெயர் வைத்து, உன்னிடம் கொண்டு வந்தேன்.

சத்துருவை நேசிப்பதைப் பற்றி உனக்கு ஒரு பிரசங்கமே செய்தேன். மறு கன்னத்தைப் பற்றிய வசனத்தையும் எடுத்தேன். நீ முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"மறு கன்னத்தக் காட்டணும்னா நிமிந்து நிக்கணும் பாஸ்டர். குனிஞ்சிக்கினு எப்படிக் காட்றது?"

எனக்குக் கோபம் வந்தது. முப்பது வருடம் பிரசங்கம் செய்தவனுக்கு வராமல் என்ன செய்யும்?

அந்த ஐப்பசியில் நான்கு நாள் விடாமல் மழை. புதன்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு நான் நடந்தே வந்து சேர்ந்தேன். வழியில் பெரிய மரம் ஒன்று சாலைக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. மதியம் சாப்பிட்டு எழுந்தபோது மேல் தெருவில் அழுகை கேட்டது. சின்னாண்டியின் மருமகள் செல்விக்கு வலி கண்டிருந்தது. எட்டாம் மாதம்தான். அவள் கணவன் திருப்பூரில். ஆம்பளைகள் பாதிப்பேர் வெளியூர் வேலையில். ஆம்புலன்ஸ் மரத்துக்கு அந்தப்பக்கம்தான் நிற்கும் என்றார்கள். அதுவரை தூக்கிக்கொண்டு போகவேண்டும். குறுக்குப் பாதை உன் கொல்லை வழியாகத்தான்.

நீ எதையும் யோசிக்கவில்லை. கெட்டிப் போர்வை ஒன்றை எடுத்தாய், மூங்கிலை வெட்டினாய், மேல் தெருவுக்குப் போனாய். உன்னைப் பார்த்ததும் பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நீ யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. செல்வியின் தலையைத் தூக்கி, "என்னப் புடிச்சிக்கோ" என்றாய். அவள் பிடித்துக்கொண்டாள். போர்வையை மூங்கிலில் கட்டிய டோலியின் முன்னால் நீயும் ஒரு பையனும். பின்னால் நானும் மிஷின்காரனும்.

சின்னாண்டி கத்தியால் புதரை வெட்டிக்கொண்டு முன்னால் நடந்தார். உன்னோடு பேசக் கூடாது என்ற தீர்ப்பு அவருடையது. அதை அவரே எப்படி மீறுவார்? அதனால் மரத்தைப் பார்த்துச் சொன்னார்: "முன்னாடி பள்ளம் இருக்குதுன்னு யாராச்சும் சொல்லுங்க."

"பள்ளம் தெரியுது மாமா. வந்து ஒரு கை புடிங்க" என்றாய்.

அவர் வந்து பிடித்தார். பேசவில்லை. செங்குத்தான இறக்கம் முழுவதும் ஒரே மூங்கிலின் மேல் உன் கையும் அவர் கையும் இருந்தன. அவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு ஒரு மனிதன் ஒரு மனுஷியோடு பேசாமல் இருப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. சின்ன உடம்பு, ஆனால் நல்ல குரல். தாழ்வாரத்தில் சின்னாண்டி என்னை ஓரமாக அழைத்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க பாஸ்டரே. நாளையிலேர்ந்து மிசின்ல அரைச்சிக்கட்டும். அந்த மனுவ மட்டும் வாபஸ் வாங்கிடச் சொல்லுங்க. முடிஞ்சி போச்சி."

நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அங்கேயே ஒரு வெள்ளைத் தாள் வாங்கி, வாபஸ் கடிதத்தை என் கையாலேயே எழுதினேன். நீ வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து காலில் ஒட்டிய அட்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தாய். தாளை நீட்டினேன். எழுத்துக் கூட்டி முழுதாகப் படித்தாய்.

"'மனப்பூர்வமாக'ன்னு போட்டிருக்கீங்களே, இது யாரு மனசு பாஸ்டர்?"

"அவரே இறங்கி வந்துட்டாரும்மா. இதுக்கு மேல என்ன வேணும்?"

"நான் தோள் குடுத்தது செல்விக்கு. அதுக்கு மிசின் கூலியா? நாளைக்கு அவரு மவளுக்கு முடியலன்னாலும் தூக்குவேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. ஊரு முன்னாடி மூடுனாரு. ஊரு முன்னாடி தப்புன்னு சொல்லட்டும். எனக்கு மட்டும் ரகசியமாத் தொறந்தா, அடுத்தவளுக்கு மறுபடி மூடுவாரு."

"அப்ப நீ அவர மன்னிக்கலியா?"

"மன்னிக்காதவளா டோலி தூக்குனேன்?"

இங்கே நான் நின்றிருக்கவேண்டும். நிற்கவில்லை. உன் நெஞ்சு கடினப்பட்டுவிட்டது என்றேன். நீ சின்னாண்டியோடு ஒப்புரவாகும் வரைக்கும் திருவிருந்தில் உனக்குப் பங்கு இல்லை என்றேன். ஆஸ்பத்திரிப் படிக்கட்டில், பிரசவ ரத்தம் உன் சேலையில் காயாமல் இருந்தபோது சொன்னேன்.

ஊர் உனக்கு மிஷினை மூடியது. நான் திருவிருந்து மேசையை மூடினேன். இரண்டில் எது பெரிய பாவம் என்று எனக்கு இப்போது தெரியும்.

அதற்கப்புறம் ஒரு ஞாயிறுகூட நீ வராமல் இருக்கவில்லை. கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்தாய். திருவிருந்து நாளில் மற்றவர்களோடு எழுந்து முன்னால் வந்து முழங்கால் போட்டாய். கைகளை ஏந்தினாய். நான் அப்பத்தை உனக்கு முந்தினவளுக்குக் கொடுத்துவிட்டு, உன்னைத் தாண்டி அடுத்தவளுக்குப் போனேன். நீ கையை இறக்கவில்லை. கடைசி ஆள் எழுந்து போகும் வரைக்கும் அப்படியே ஏந்திக்கொண்டிருந்தாய். சண்டை போடவில்லை, அழவும் இல்லை. அடுத்த முறையும் வந்தாய். அதே இடம், அதே கை. நான் உன் முகத்தைப் பார்க்காமல் இருக்கக் கற்றுக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்னால் விசாரணைக்கு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் ஊரே கூடியது. சின்னாண்டி, "அப்பிடி ஒண்ணும் இல்லீங்க சார். அந்தம்மாவாத்தான் ஒதுங்கிக்கினாங்க" என்றார். மிஷின்காரன் தலை குனிந்துகொண்டான். நீ நடந்ததை நடந்தபடி சொன்னாய். சத்தமில்லை, வசவு இல்லை. அதிகாரி வேறு யாராவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் அங்கேதான் நின்றிருந்தேன். நானும் திறக்கவில்லை.

செல்விதான் எழுந்தாள். இடுப்பில் இரண்டு மாதக் குழந்தை. "எல்லாம் நெசம் சார். நான் பாத்தேன். எங்க மாமா தப்பு பண்ணிட்டாரு" என்றாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். ஆனால் உட்காரவில்லை.

சின்னாண்டி மருமகளையும் குழந்தையையும் பார்த்தார். பிறகு எல்லாரும் கேட்கும்படி, "தப்புதான். இனிமே யாரையும் அப்பிடிப் பண்ணமாட்டோம்" என்றார். எழுதியும் கொடுத்தார். வழக்குப் போடவேண்டுமா என்று அதிகாரி உன்னைக் கேட்டார். "வேணாங்க சார். ஊரு முன்னாடி சொல்லிட்டாரு, போதும்" என்றாய். பிறகு அவர் பக்கம் திரும்பி, "மறுபடி யாருக்காச்சும் மூடுனா மறுபடி வருவேன் மாமா" என்றாய். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். சின்னாண்டிக்கே உதடு லேசாக அசைந்தது.

கிறிஸ்துமஸ் அன்று உன் கையில் அப்பத்தை வைத்தேன். ஆராதனை முடிந்ததும் உன்னைத் தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டேன்.

"உங்க மேலயும் ஒரு மனு குடுக்கலாம்னுதான் இருந்தேன் பாஸ்டர். எந்த ஆபீசுன்னு தெரியல" என்றாய். நான் சிரிக்கப் பார்த்தேன். நீ சிரிக்கவில்லை. "உங்கள மன்னிச்சி ரொம்ப நாளாச்சி. ஆனா சபை முன்னாடிதான என்னத் தாண்டிப் போனீங்க? சபை முன்னாடி சொல்லுங்க."

சொல்கிறேன் என்றேன். அடுத்த ஞாயிறு சொல்கிறேன் என்றேன். ஈஸ்டருக்குச் சொல்கிறேன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன். ஆண்டுகள் போயின. நீ மறுபடி கேட்கவில்லை. கேட்காததை எனக்குச் சாதகமாக எடுத்துக்கொண்டேன். குழாய் மட்டும் உங்கள் தெருவில் பாதிவரை வந்தது. மீதிக்கு நீ கிராம சபையில் எழுந்து நின்றுகொண்டே இருந்தாய்.

போன புரட்டாசியில் மஞ்சள் காமாலை என்றார்கள். வேலூர் ஆஸ்பத்திரியில் நான்கு நாள். ஐந்தாம் நாள் மோசே உன்னை வண்டியில் கொண்டு வந்தான். உனக்கு நாற்பத்து நான்கு வயது.

உன் அடக்கத்துக்கு ஊர் முழுவதும் வந்தது. சின்னாண்டி மாலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். கமிட்டிச் செயலாளரும் வந்திருந்தார். சின்னாண்டி இரண்டு வார்த்தை பேச விரும்புவதாகச் சொன்னார்கள். அவர் எழுந்து, "இந்தம்மாவும் நாங்களும் என்னிக்கும் ஒண்ணாத்தான் இருந்தோம். ஒரு மனக்கசப்பும் கெடையாது" என்றார். ஜனங்கள் தலையாட்டினார்கள். செயலாளரும் ஆட்டினார். எல்லாம் அழகாக முடிந்துவிடும் போலிருந்தது.

பிரசங்கத்துக்கு நான் எழுதி வைத்திருந்த தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"இவளுக்கு நான் திருவிருந்தை மறுத்தேன்" என்று தொடங்கினேன். "உங்கள் எல்லார் முன்னாலும் இவளைத் தாண்டிப் போனேன். இவள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. நான் பயந்தேன். அந்தப் பயத்தை அன்பு என்று சொன்னேன். உயிரோடு இருக்கும்போது சொல்லச் சொன்னாள். சொல்லவில்லை." பிறகு சின்னாண்டியைப் பார்த்தேன். "அய்யா, நாம் ஒன்றாக இருக்கவில்லை. பதினொரு மாதம் இவளை இந்த ஊர் விலக்கி வைத்தது. அதை மறைத்துவிட்டு இவளைப் புதைத்தால் இவளை இரண்டு முறை விலக்கியதாகும்."

சின்னாண்டி எழுந்தார். "சாவு வூட்லயா இதப் பேசறது?" என்றார்.

"வேற எங்கேயும் பேச எனக்குத் தைரியம் வரலீங்க" என்றேன்.

அவர் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. குழிவரைக்கும் வந்தார். என் முறை முடிந்ததும் ஒரு கைப்பிடி மண் எடுத்து அவர் கையில் வைத்தேன். என்னை முறைத்துப் பார்த்துக்கொண்டே வாங்கினார். குனிந்து, மெதுவாக, மண் சிதறாமல் உன் மேல் போட்டார். அதுதான் அவர் உன்னிடம் பேசின பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குமேல் அதை அழகுபடுத்தமாட்டேன்.

இப்போது கமிட்டியிலிருந்து எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. அடக்க ஆராதனையின் கண்ணியத்தைக் கெடுத்தேனாம். ஊர் அரசியலில் சபையை இழுத்துவிட்டேனாம். போளூரில் கமிட்டி முன்னால் நின்று வருத்தம் தெரிவிக்கவேண்டும், இல்லாவிட்டால் ஓய்வு பெறும் வரைக்கும் எனக்குச் சபை கிடையாது. பதில் எழுதிவிட்டேன். நான்கு வரி. சொன்னது உண்மை என்றும், சொல்லத் தாமதித்ததற்கு மட்டுமே வருந்துகிறேன் என்றும் எழுதினேன். செயலாளரையும் திட்டவில்லை. அவர் பயத்தை எனக்குத் தெரியும். அதில் முப்பது வருடம் குடியிருந்தவன் நான்.

கமிட்டி கூடுவது நாளைக் காலை பதினொரு மணிக்கு. நாளைக் காலை பதினொரு மணிக்கே ஜமுனாமரத்தூர் யூனியன் ஆபீசில் செல்வி வேட்புமனு கொடுக்கிறாள். ஆமாம், அதே வார்டு. கற்பூரம் ஏற்றி வாக்குக் கேட்டபோது அவள் போகவே இல்லை. மாமனார் பேச்சை நிறுத்திவிட்டார். முன்மொழிந்து கையெழுத்துப் போட ஊரில் ஒருவரும் வரவில்லை. மோசே குடகிலிருந்து இதற்காகவே வந்திருக்கிறான். நேற்று அவள் குழந்தையோடு வந்து, "நான் உங்க சபை இல்ல பாஸ்டர். ஆனா ஆபீசு வரைக்கும் கூட யாராச்சும் வந்தா நல்லா இருக்கும்" என்றாள். சபைக்கு வா என்று நான் அவளைக் கூப்பிடவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

என் பதிலைத் தபாலில் போட்டாயிற்று. கமிட்டி அதை வாசித்துக்கொள்ளட்டும்.

எதிரியை நேசிப்பது என்றால் என்ன என்று எனக்கு இன்னும் முழுதாகத் தெரியாது. உன்னிடம் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். தினமும் காலை ஜெபத்தில் சின்னாண்டியின் பெயரைச் சொல்கிறேன். அவர் மூட்டுவலிக்காக, அவர் புளியமரங்களுக்காக, அவர் பேத்திக்காக. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன நாட்களும் உண்டு. நாளை செல்வியை அழைத்து வர அவர் வீட்டு வாசலுக்குத்தான் போகவேண்டும். அவர் கட்டிலில் உட்கார்ந்திருப்பார். நான் வணக்கம் சொல்வேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டாலும் சொல்வேன். மூட்டு எப்படி இருக்கிறது என்று கேட்பேன். கேட்டுவிட்டு, அவர் கண் முன்னால், அவர் மருமகளோடு பஸ் ஏறக் கிளம்புவேன்.